ஸ்பைடர்மேன் 2: சக்தி போவது கதையில் ஓட்டையா, கதையே அதுதானா?

முத்துச்செல்வன்:

போன ஞாயிறு மத்தியானம் பையனோடு உட்கார்ந்து ஸ்பைடர்மேன் 2 பார்த்தேன். 2004-ல் சாம் ரெய்மி எடுத்த படம், டோபி மக்வயர் நடித்தது. கல்லூரியில் படிக்கும்போது பார்த்தபோது ரயில் சண்டைதான் மனதில் நின்றது. இப்போது அந்த இருபது டாலர் நோட்டுதான் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஸ்பைடர்மேனாக வாழும் பீட்டருக்குப் பிறந்தநாள். கடன் தவணை கட்டாததால் வீடு கைவிட்டுப் போகும் நிலை, வங்கிக் கடிதம் வீட்டில் கிடக்கிறது. அப்படியும் அவனை வளர்த்த மே ஆன்ட்டி இருபது டாலரை எடுத்து நீட்டுகிறார். அவன் வேண்டாம் என்கிறான். வாங்கிக்கொள் என்று வற்புறுத்தும்போதே அவர் குரல் ஏறி உடைந்து அழுகை வந்துவிடுகிறது. அந்த நோட்டோடு தன் அறைக்குத் திரும்புகிறான். வாசலிலேயே வீட்டுக்காரர் வாடகை கேட்டு அதைக் கையிலிருந்து உருவிக்கொள்கிறார். அவ்வளவுதான், பிறந்தநாள் முடிந்தது.

சூப்பர் ஹீரோ படங்களில் இரண்டாம் பாகம் என்று வந்தவற்றில் இதைத் தாண்டி ஒன்று வரவில்லை என்பது என் கட்சி. முதல் பாகத்தில் சக்தி வந்தது. அந்தச் சக்திக்கு ஒருவன் மாதாமாதம் என்ன விலை கொடுக்கிறான் என்பதை இந்தப் படம்தான் கணக்குப் போட்டுக் காட்டியது. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், பேசுவோம்.

பொய்கைக்கரை:

மாற்றுக் கருத்து இருக்கிறது நண்பரே. அந்த இருபது டாலர் காட்சி நல்ல காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் படத்தின் நடுத்தூணே உளுத்துப் போனது. பீட்டருக்குத் திடீரென்று வலை வர மறுக்கிறது, சுவரில் கை ஒட்ட மறுக்கிறது, கண் மங்குகிறது. ஏன்? மருத்துவரிடம் போகிறான், அவர் உடம்பில் ஒன்றும் இல்லை என்கிறார். மனசு சரியில்லை, அதனால் சக்தி போச்சு என்று நாமே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தப் படத் தொடரில் வலை கருவியில் இருந்து வருவதில்லை, மணிக்கட்டில் இருந்தே வருகிறது. சிலந்தி கடித்து உடம்பே மாறியதாக முதல் பாகம் சொன்னது. மாறின உடம்பு மனவருத்தத்தில் எப்படிப் பழையபடி ஆகும்? அப்புறம் வில்லன் டாக்டர் ஆக்டோபஸ் ஒரு காரைத் தூக்கி ஓட்டல் கண்ணாடி வழியாக எறிந்து, பீட்டர் காதலிக்கும் மேரி ஜேனைக் கடத்தியதும் எல்லாம் திரும்பி வந்துவிடுகிறது. கதாசிரியருக்குத் தேவைப்பட்டபோது போனது, தேவைப்பட்டபோது வந்தது. எனக்கு அப்படித்தான் படுகிறது.

இன்னொன்று, சூரியன் மாதிரி எரியும்படி அந்த வில்லன் கட்டும் அணுப்பிணைவு உலை. காந்தப்புலம் கட்டிவைத்திருக்கும் பிளாஸ்மா, அதாவது கொதிக்கும் மின்னேற்ற வாயு, குலைந்தால் குளிர்ந்து அணைந்துவிடும். கட்டுமீறி வளர்ந்து ஊரையே இழுக்காது. அதற்கு எரிபொருளான டிரிட்டியம் என்பது ஹைட்ரஜனின் ஒரு வகை, வாயு. படத்தில் அதைப் பொன்னிறக் கோலிக்குண்டு மாதிரி காட்டுகிறார்கள். கடைசியில் அந்தச் சூரியனை ஆற்றில் முக்கி அணைக்கிறார்கள். இதையெல்லாம் வைத்துக்கொண்டு "இதைத் தாண்டி வரவில்லை" என்றால் நான் எப்படி ஒத்துக்கொள்வது?

மாலதி:

உலை விஷயத்தில் உங்கள் பக்கம்தான். சக்தி விஷயத்தில் இல்லை.

பொய்கைக்கரை அண்ணா, மூக்குக் கண்ணாடியைக் கவனித்தீர்களா? முதல் பாகத்தில் சிலந்தி கடித்த மறுநாள் அவனுக்குக் கண்ணாடி வேண்டாமல் போகும். இதில் சக்தி போகப் போக மறுபடி கண்ணாடி மாட்டுகிறான். அது போட்டிருக்கும் காலத்தில்தான் வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறான், மேரி ஜேனின் நாடகத்தைக் கடைசிவரை உட்கார்ந்து பார்க்கிறான். கடத்தல் நடந்ததும் கண்ணாடி போட்டால் மங்கலாகவும் கழற்றினால் தெளிவாகவும் தெரிகிறது, கீழே போட்டுவிடுகிறான். இயக்குநர் வசனம் வைக்காமல் சொல்லியிருக்கிறார் என்பதால் விளக்கமே இல்லை என்று ஆகிவிடாது.

இது சினிமாவுக்காகக் கட்டிய கதையும் இல்லை. 1964-ல் வந்த ஸ்பைடர்மேன் காமிக்ஸின் முதல் ஆண்டு மலரிலேயே இருக்கிறது. மே ஆன்ட்டியின் கணவர் பென் அங்கிளின் சாவை நினைத்து மருகும்போது பீட்டருக்குச் சக்தி போய்விடும். மே ஆன்ட்டியைப் பிடித்துவைத்திருக்கும் கும்பலுக்குத் தலைவன் டாக்டர் ஆக்டோபஸ். சக்தி இல்லாமலே அவரை மீட்கக் கிளம்புவான். உடையைக் குப்பைத்தொட்டியில் எறிவது 1967-ல் வந்த ஐம்பதாவது இதழ். இரண்டையும் சேர்த்துப் பின்னியதுதான் இந்தத் திரைக்கதை.

நெல்லைச்சீமை:

இரண்டாம் பாகம் என்று பேச்செடுத்துவிட்டு 2008-ல் வந்த பேட்மேன் படமான டார்க் நைட்டை யாரும் சொல்லவில்லையே, அதுதான் ஆச்சரியம். அதில் வில்லனாக வரும் ஹீத் லெட்ஜரின் ஜோக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இறந்த பிறகு கிடைத்த ஆஸ்கார் அது. இரண்டு படகுகள், ஒன்றில் கைதிகள், மற்றதில் ஊர் மக்கள். ஒவ்வொரு படகிலும் மற்றதை வெடிக்கவைக்கும் விசை. ஒரு ஊரையே நிறுத்திக் கேள்வி கேட்ட படம் அது. ஸ்பைடர்மேன் 2 ஒருவனுடைய வாடகைப் பிரச்சினை. அளவே வேறு.

முத்துச்செல்வன்:

நெல்லைச்சீமை, டார்க் நைட் பெரிய படம், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஊர் மக்களை நிறுத்திப் பார்ப்பது இதிலும் இருக்கிறது, நான்கு வருடம் முன்பாகவே.

ரயிலை நினைத்துப் பாருங்கள். ஓட்டும் கருவியை ஆக்டோபஸ் பிய்த்துவிட்டுப் போய்விடுகிறான், பாதை முடியும் இடத்தை நோக்கி வண்டி பறக்கிறது. பீட்டர் முன்பக்கத்தில் நின்று இரண்டு பக்கக் கட்டடங்களிலும் வலையை வீசி இழுத்துப் பிடிக்கிறான். உடை கிழிகிறது, முகமூடி இல்லை. வண்டி நின்றதும் மயங்கி முன்னால் சாய்கிறான். பள்ளத்தில் விழுவதற்குள் உள்ளே இருந்து கைகள் நீண்டு மார்பைப் பிடிக்கின்றன. அப்புறம் அவனைத் தலைக்கு மேலே தூக்கி, கை மாற்றிக் கை மாற்றி உள்ளே கொண்டுபோய்த் தரையில் படுக்கவைக்கிறார்கள். முகத்தைப் பார்த்த ஒருவர், இவன் சின்னப் பையன், என் மகன் வயசுகூட இருக்காது என்கிறார். இரண்டு சிறுவர்கள் முகமூடியைக் கொண்டுவந்து கொடுத்து யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். வில்லன் திரும்பி வந்ததும் பயணிகள் ஒருவர் பின் ஒருவராகக் குறுக்கே நிற்கிறார்கள்.

படகில் இருந்தவர்கள் விசையை அழுத்தாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். இவர்கள் எழுந்து நின்றார்கள். என் பையன் சோபாவில் இருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து பார்த்த இடம் அது.

பொய்கைக்கரை:

ரயில் காட்சி நன்றாக எடுக்கப்பட்டது, சரி. சிகாகோவின் உயர்மட்ட ரயில் பாதையில் எடுத்து நியூயார்க் என்று ஒட்டினார்கள், அதையும் விட்டுவிடுகிறேன். ஆனால் ஒரு பெட்டி நிறைய ஆட்கள் முகத்தைப் பார்த்தாகிவிட்டது. பிறகு நண்பன் ஹாரி பார்க்கிறான், ஆக்டோபஸ் பார்க்கிறான், மேரி ஜேன் பார்க்கிறாள். முதல் பாகம் முழுக்கக் காப்பாற்றிய ரகசியம் ஒரே நாளில் தண்ணீராய்ப் போகிறது.

மேரி ஜேனையும் பேச வேண்டும். மேடை நடிகை, தன் காலில் நிற்கிறவள். அவளுக்குப் படம் கொடுத்த வேலை என்ன? காத்திருப்பது, கோபப்படுவது, கடத்தப்படுவது, கல்யாணத்தன்று மணக்கோலத்தில் ஓடிவருவது. அவளை மணக்க இருந்த அந்த விண்வெளி வீரர் என்ன பாவம் செய்தார்? தேவாலயத்தில் ஒரு கடிதத்தோடு நிற்கவைத்துவிட்டு வருவதைக் காதல் என்று படம் கொண்டாடுகிறது.

மாலதி:

விண்வெளி வீரருக்கு நடந்தது அநியாயம்தான். மேரி ஜேனுக்கு எழுத்தில் இன்னும் நிறைய கொடுத்திருக்கலாம், அதை நானும் சொல்வேன்.

ஆனால் பெண்கள் என்று பேசினால் மே ஆன்ட்டியை விட்டுவிட முடியாது. பென் அங்கிளைக் கொன்ற திருடனைத் தடுக்கும் வாய்ப்பு தனக்கு இருந்தது, தான் விட்டுவிட்டேன் என்று பீட்டர் மேசையில் உட்கார்ந்து சொல்கிறானே, அந்த இடம். சொல்லத் தொடங்கும்போது இருவர் கையும் கோத்திருக்கின்றன. சொல்லி முடித்ததும் மே ஆன்ட்டியாக நடித்த ரோஸ்மேரி ஹாரிஸ் ஒரு வார்த்தை பேசாமல் தன் கையை மெதுவாக உருவிக்கொள்வார். எழுந்து மாடிப்படி ஏறிப் போய்விடுவார். அவன் கை மட்டும் மேசைமேல் கிடக்கும். அறைந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. என் அம்மா கோபம் வந்தால் பேசமாட்டார், எழுந்து உள்ளே போய்விடுவார். எத்தனை முறை பார்த்தாலும் அந்தப் படிக்கட்டில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

தச்சன்மகன்:

நான் பொம்மை செய்கிற வேலை. அதனால் இந்தப் படத்தில் எனக்குக் கைகள்தான். ஆக்டோபஸின் நான்கு உலோகக் கைகளில் பாதிக்கு மேல் கிராஃபிக்ஸ் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நிஜமாகவே செய்து, பொம்மலாட்டக் கலைஞர்களை வைத்து, ஆக்டோபஸாக நடித்த ஆல்ஃபிரட் மொலினாவைச் சுற்றி ஆட்டிய கைகள் நிறைய இருக்கின்றன. மொலினா அவற்றுக்கு லாரி, ஹாரி, மோ, ஃபுளோ என்று பேரே வைத்திருந்தார். பெரிய தாவல்களுக்குத்தான் கணினி. அந்தக் கலவைக்குத்தான் 2005-ல் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கார் கிடைத்தது.

அந்தக் கைகள் மருத்துவர்களைத் தாக்கும் மருத்துவமனைக் காட்சியைச் சத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். பின்னணி இசையே இல்லை. ரம்பம் சுற்றும் சத்தம், அலறல், தரையில் இழுபடும் பெண்ணின் நகம் கீறுகிற சத்தம். ரெய்மி பேய்ப்படம் எடுத்து வளர்ந்த ஆள், அந்தக் கை இங்கே தெரிகிறது. குழந்தைகளும் பார்க்கிற படத்தில் ரத்தமே காட்டாமல் இவ்வளவு பயம் காட்டியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கை ஒவ்வொன்றுக்கும் தனி நடை, தனி பார்வை இருக்கிறது. ஆற்றில் முங்கும்போது அவை ஒவ்வொன்றாக ஒளி அணைந்து போவது எனக்கு ஒரு சாவு மாதிரியே இருந்தது.

நெல்லைச்சீமை:

தச்சன்மகன் சொன்ன கைகள் விஷயம் எனக்குப் புதுசு. நல்லது. ஆனாலும் நான் மாறவில்லை. மே ஆன்ட்டி வீட்டைக் காலி செய்யும்போது நமக்குள் ஒரு நாயகன் இருக்கிறான் என்று நீளமாகப் பேசுகிறாரே, அது பிரசங்கம். கையை உருவிக்கொண்ட அதே அம்மா, அதே படத்தில். முதல் காட்சி பேசாமல் சாதித்ததை இரண்டாவது காட்சி பேசிக் குறைத்துவிட்டது.

முத்துச்செல்வன்:

அந்தப் பேச்சு நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். பீட்டர்தான் ஸ்பைடர்மேன் என்று தெரிந்தும், தெரிந்ததாகச் சொல்லாமல் பேசுகிறார். அப்படிக் கேட்டுப் பாருங்கள், பிரசங்கமாக இருக்காது. பேரைச் சொல்லாமல் பெரியவர் ஒருவர் நம்மிடம் கெஞ்சுகிற பேச்சாக இருக்கும்.

பொய்கைக்கரை அண்ணனுக்கு ஒன்று. சக்தி இல்லாத நாட்களில் எரிகிற வீட்டுக்குள் ஓடுகிறானே, அதை எங்கே வைப்பீர்கள்?

பொய்கைக்கரை:

நேற்று ராத்திரி அந்த இடத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். உள்ளே ஒரு குழந்தை இருக்கிறது என்று கேட்டதும் ஓடுகிறான். வலை இல்லை, பலம் இல்லை, புகையில் இருமிக்கொண்டு தூக்கி வருகிறான். வெளியே வந்து மூச்சு வாங்கும்போது, நான்காவது மாடியில் ஒருவர் மாட்டிக்கொண்டு இறந்துவிட்டார் என்று தீயணைப்பு வீரர் சொல்வது காதில் விழுகிறது. அவன் முகம் அப்படியே நின்றுவிடுகிறது. பழைய சக்தி இருந்திருந்தால் அந்த ஆளும் பிழைத்திருப்பார்.

இதை முதலில் பார்த்தபோது நான் தவறவிட்டிருக்கிறேன். சக்தி ஏன் போனது என்று கேட்டுக்கொண்டே இருந்ததில், போனதால் யார் செத்தது என்பதைக் கவனிக்கவில்லை. சரி, அந்த வாதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மேரி ஜேன் விஷயத்தில் மாறவில்லை. ஆனால் கடைசி ஷாட்டை மாலதி சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை, நானே சொல்கிறேன். போலீஸ் சைரன் கேட்டதும் அவளே அவனை அனுப்பிவைக்கிறாள். அவன் சன்னல் வழியாகப் பறந்து போகிறான், இசை ஏறுகிறது. படம் அவனோடு முடிந்திருக்கலாம். ரெய்மி திரும்பி சன்னலுக்கு வருகிறார். மணக்கோலத்தில் அவள் நிற்கிறாள், சிரிப்பு மெல்ல வடிந்து முகத்தில் கவலை வருகிறது. இனி தினமும் இப்படித்தான் நிற்க வேண்டும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. படம் முழுக்க அவளை அப்படிப் பார்த்திருந்தால் நானும் உங்கள் கட்சிக்கே வந்திருப்பேன்.

சூரியனை ஆற்றில் அணைத்ததை மட்டும் எப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.