மறுமொழி: ‘அணியா நேரம்’ – மாற்றுச் சொல் தேவை

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். நாட்பட்ட வலி உள்ள முதியோர் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்பதை, உடலில் அணியும் கருவிகளை வைத்து ஆராயும் துறைக்கான சொற்பட்டியலைப் பார்த்தேன். இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பெரும்பாலான சொற்கள் நன்றாக வந்திருக்கின்றன. ஒரு சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கருவி உடலில் இல்லாத நேரத்தைக் குறிக்கும் ‘நான்-வேர் டைம்’ என்பதற்குப் பட்டியலில் ‘அணியா நேரம்’ என்று போட்டிருக்கிறோம். அது ஏன் கூடாது என்பதைச் சொல்ல என் அம்மாவின் கைப்பட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் மற்ற சில சொற்கள் பற்றி.

> வேரபிள் – அணிக்கருவி

நல்ல சொல். ஆனால் ‘க்’ வேண்டாம். அணிகருவி என்பது வினைத்தொகை, குடிநீர் போல. அணிந்த கருவி, அணிகின்ற கருவி, அணியும் கருவி என்று முக்காலமும் அதற்குள் இருக்கிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஒற்றுப் போட்டால் ‘அணி’ பெயர்ச்சொல்லாகி, நகையா அணிவகுப்பா என்ற குழப்பம் வந்துவிடும். மணிக்கட்டில் கட்டுவது, இடுப்பில் செருகுவது, தொடையில் ஒட்டுவது எல்லாவற்றுக்கும் அணிகருவி பொதுப்பெயராக நிற்கும்.

> குரோனிக் பெயின் – தீராவலி

இதை எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். ‘நாட்பட்ட’ என்பது மருத்துவ அறிக்கை போல இருக்கிறது, ‘தீரா’ என்பதில் உணர்ச்சி இருக்கிறது என்பது அவர் வாதம். உணர்ச்சி இருப்பதுதான் எனக்குத் தடை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலி அதன்படி குரோனிக். அங்கே சொல்லப்படுவது கால அளவு மட்டும். தீருமா தீராதா என்ற பேச்சே இல்லை. ஆய்வில் சேரச் சொல்லி நாம் கொடுக்கும் தாளில் ‘தீராவலி உள்ளவர்கள்’ என்று இருந்தால், 80 வயதுக்காரர் அதை ஒரு தீர்ப்பாகப் படிப்பார். நாள் பல ஆகிவிட்டது என்பது நமக்குத் தெரியும். இனித் தீராது என்பது தெரியாது. அதனால் நாட்பட்ட வலியே இருக்கட்டும்.

> வலிமானி, வலியுணரி, வலியளவி – எது பொருத்தம்?

மூன்றும் வேண்டாம் என்பேன். வெப்பமானி வெப்பத்தை அளக்கிறது, முடுக்கமானி முடுக்கத்தை அளக்கிறது. அந்த வரிசையில் வலிமானி என்று வைத்தால் வலியை அளக்கும் கருவி ஒன்று இருப்பதாக ஆகிவிடும். இந்தக் கைப்பட்டைகள் அசைவை அளக்கின்றன. தோலின் மேல் பச்சை ஒளியைப் பாய்ச்சித் திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து நாடித்துடிப்பைக் கணக்கிடுகின்றன. சிலவற்றில் தோலின் வெப்பநிலையும் வியர்வையால் மாறும் மின்கடத்தலும் கிடைக்கும். இவை எதுவும் வலி இல்லை. வலி வந்தால் இவை மாறலாம். படி ஏறினாலும் மாறும், கோபம் வந்தாலும் மாறும். பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது சேர்த்த குறிப்புகளில், வலி இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று ஒன்று உண்டு. நரம்பின் செயல்பாட்டை மட்டும் வைத்து வலியை ஊகிக்க முடியாது என்றும் ஒன்று உண்டு. நரம்புக்கே அப்படி என்றால் மணிக்கட்டுப் பட்டைக்கு என்ன சொல்வது? இன்னொரு சிக்கலும் உண்டு. பழந்தமிழில் வலி என்றால் வலிமை. திருக்குறளின் 48ஆம் அதிகாரம் ‘வலியறிதல்’. அது தன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் எடைபோடுவது பற்றியது. ஆகவே பட்டியலில் இந்த வரியையே எடுத்துவிடலாம். கருவிக்கு ஒரு பெயர் தேவையென்றால் அசைவுப்பதிவி என்று வைக்கலாம், அது செய்யும் வேலை அதுதான்.

> எக்காலஜிக்கல் மொமெண்டரி அசெஸ்மெண்ட் – சூழலியல் கண மதிப்பீடு

சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் தமிழில் சூழலியல் என்றதும் காடும் ஆறும்தான் நினைவுக்கு வரும். இங்கே பொருள் வேறு: ஆய்வுக்கூடத்துக்கு அழைக்காமல், ஒருவர் தன் வீட்டில், தன் வேலைக்கு நடுவே இருக்கும்போது, நாளுக்குச் சில முறை கருவி மெல்ல ஒலித்து ‘இப்போது வலி எவ்வளவு, 0 முதல் 10க்குள் சொல்லுங்கள்’ என்று கேட்பது. வார முடிவில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்துச் சொல்லும்போது, உச்சத்தில் இருந்த வலியும் கடைசியில் இருந்த வலியும் மற்ற நேரங்களை மறைத்துவிடுகின்றன. மருத்துவச் சிகிச்சையின்போது பட்ட வலியைப் பின்னர் நினைவுகூர்வதில் இப்படி நடப்பதை 1996இல் ரெடெல்மயரும் கானமனும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதனால்தான் அந்த நேரத்திலேயே கேட்கிறார்கள். ‘அந்நேரப் பதிவு’ போதும் என்று தோன்றுகிறது. கேட்டவுடன் விளங்குகிறது, வினாத்தாளிலும் அப்படியே எழுதலாம்.

சரி, இனி அணியா நேரம்.

கருவிக்குள் இருக்கும் முடுக்கமானி மூன்று அச்சுகளில், நொடிக்குப் பல முறை, சில கருவிகளில் 100 முறை வரை, முடுக்கத்தைப் பதிகிறது. அசையாமல் இருந்தால் புவியீர்ப்பு மட்டுமே பதியும்; படத்தில் கோடு மட்டமாக ஓடும். இங்கேதான் சிக்கல். கழற்றி மேசைமேல் வைத்த கருவியிலும் கோடு மட்டம். அசையாமல் படுத்திருப்பவர் கையிலுள்ள கருவியிலும் கோடு கிட்டத்தட்ட மட்டம். கழற்றி வைத்ததை ‘அசையாமல் இருந்தார்’ என்று எண்ணிவிட்டால் எல்லாரும் சோம்பிக் கிடந்ததாகக் கணக்கு வரும். அதைத் தவிர்க்க ஒரு விதி வைத்திருக்கிறார்கள். தொடர்ந்து இத்தனை நிமிடம் அசைவு இல்லையென்றால் கருவி கையில் இல்லை என்று கொள்வது. 60 நிமிடம் என்று வைப்பவர்கள் உண்டு, 90 என்று வைப்பவர்கள் உண்டு. முதியோருக்கு 60 போதாது என்று 90ஐப் பரிந்துரைப்பவர்களும் உண்டு. அப்புறம் இன்னொரு விதி: ஒரு நாளில் விழித்திருக்கும் நேரத்தில் 10 மணி நேரமாவது அணிந்திருந்தால்தான் அது தகுதியான நாள், இல்லையென்றால் அந்த நாள் கணக்கில் வராது.

இந்த விதிகளை நான் குறை சொல்லவில்லை. பிரிட்டனின் பெரிய மருத்துவ ஆய்வுத் திட்டமான யூகே பயோபேங்க் 2013 முதல் 2015 வரை 1 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் மணிக்கட்டில் 7 நாள் இப்படிக் கருவி கட்டியது. அத்தனை பேரையும் கூப்பிட்டு ‘செவ்வாய் மதியம் கழற்றினீர்களா?’ என்று கேட்க முடியாது. ஏதோ ஒரு விதி வேண்டும்தான். ஆனால் விதி தருவது ஊகம். ஊகத்துக்கு ‘அணியா நேரம்’ என்று பெயர் வைத்தால், படிப்பவருக்கு அது நடந்துமுடிந்த செய்தியாகிவிடுகிறது.

அம்மாவுக்கு 76 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம், கட்டைவிரல் அடிமூட்டிலும் வலி. ஓர் ஆய்வில் சேர்ந்து 7 நாள் இடது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார். கூடவே ஒரு சிறு நாட்குறிப்புப் படிவமும் கொடுத்திருந்தார்கள். முடிந்ததும் அறிக்கை ஒன்று வந்தது. அதில் ‘7 நாளில் தகுதியான நாள் 6’ என்று இருந்தது. விடுபட்ட நாள் மூன்றாம் நாள். படத்தில் அந்த நாளில் ‘அணியாத நேரம்’ என்று மூன்று சாம்பல் நிறப் பட்டைகள்: காலையில் 2 மணி நேரம், மதியம் இரண்டேகால், மாலையில் ஒன்றரை. விழித்திருந்த நேரத்தில் மீதி 10 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் நாள் முழுவதும் போய்விட்டது.

நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாளுக்கு அவர் கோணலான எழுத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: “கால் நோவு. எழுந்திருக்கவே முடியல. பட்டையை கழட்டல.”

கழற்றியிருக்க வழியே இல்லை என்பது அவரோடு இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தப் பட்டையின் கொக்கியைக் கழற்ற வலது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து வாரை இழுக்க வேண்டும். அம்மா முதல் நாளே முயன்றுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, விட்டுவிட்டார். குளிக்கப் போகும்போது நான்தான் கழற்றுவேன், நான்தான் மாட்டுவேன். மூன்றாம் நாள் அவர் வலப்பக்கமாகத் திரும்பி, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்து, இடது கையை இன்னொரு தலையணைமேல் போட்டபடி படுத்திருந்தார். அசைந்தால் வலிக்கும் என்று அசையாமல் இருந்தார். ஆய்வு எதைத் தேடி வந்ததோ அது அந்த நாளில்தான் இருந்தது. அந்த நாள்தான் கணக்கில் இல்லை.

மீதி ஆறு நாளின் சராசரியைப் பார்த்தால் அம்மா ஓரளவு நன்றாக நடமாடுகிறார் என்று தோன்றும். இதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆறவில்லை. யாரோ ஒருவருடைய பிழை என்று சொல்லவில்லை. ஆனால் அறிக்கையில் ‘அணியாத நேரம்’ என்று இருந்ததைப் பார்த்த அம்மா என்னிடம் கேட்டது, “நான் ஒழுங்கா போட்டுக்கலன்னு நினைச்சுட்டாங்களா?” அவர் ஒரு குற்றம் செய்ததுபோல அந்தச் சொல் இருந்திருக்கிறது.

> மூலத்தில் உள்ளதைத்தானே மொழிபெயர்க்க வேண்டும்? விளக்கம் சேர்ப்பது நம் வேலையா?

நியாயமான கேள்வி. மூலச் சொல்லும் ஊகத்துக்கு இட்ட பெயர்தான். துறையில் இருப்பவர்களுக்கு அது ஊகம் என்று தெரியும், அதனால் அவர்களுக்குள் தொந்தரவு இல்லை. நம் பட்டியல் போகப்போவது துறைக்கு வெளியே இருப்பவர்களிடம். படிவம் நிரப்பும் முதியவர், அவரைப் பார்த்துக்கொள்ளும் மகள், செவிலியர். புதிதாகச் சொல் செய்யும்போது பழைய சொல்லின் குறையையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லை.

என் பரிந்துரை இது. கருவி தரும் மட்டக்கோட்டுக்கு ‘அசைவு பதியா நேரம்’. அவ்வளவுதான் கருவிக்குத் தெரியும். நாட்குறிப்பிலோ, கேட்டறிந்தோ, தோல் வெப்பநிலை அறைவெப்பத்துக்கு இறங்கியதை வைத்தோ உறுதியானால் ‘கழற்றிய நேரம்’. கையில்தான் இருந்தது, ஆள் அசையவில்லை என்று தெரியவந்தால் ‘அசையாதிருந்த நேரம்’. மின்கலம் தீர்ந்து எதுவுமே பதிவாகவில்லை என்றால் ‘பதிவில்லா நேரம்’. இதையும் பட்டியலில் தனியாக வைக்க வேண்டும், இப்போது அணியா நேரத்தோடு கலந்து கிடக்கிறது. ‘பதியா’, ‘பதிவில்லா’ இரண்டும் காதுக்கு நெருக்கமாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். வேறு நல்ல சொல் இருந்தால் மகிழ்ச்சியாக மாற்றிக்கொள்வேன்.

‘அசையாதிருந்த’ என்பதற்குப் பதில் ‘ஓய்வு நேரம்’ போதாதா என்று இழையில் ஒரு மருத்துவ நண்பர் கேட்டிருந்தார். அம்மாவிடமே கேட்டேன். “ஓய்வுன்னா எழுந்திருக்கும்போது கொஞ்சம் தெம்பா இருக்கணும். இது அப்படி இல்ல. எழுந்தா இன்னும் பிடிச்சுக்கும்” என்றார். அதற்கு மேல் எனக்கு வாதம் தெரியவில்லை. ‘கிடந்த நேரம்’ என்றும் யோசித்தேன். படுத்த படுக்கை என்ற நினைவைத் தருவதால் விட்டுவிட்டேன். அசையாதிருத்தலில் அவர் முடிவெடுத்து அப்படி இருந்தார் என்பதும் வந்துவிடுகிறது. வலியோடு வாழ்பவர்கள் நாள் முழுவதும் இப்படி முடிவுகள் எடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இதே காரணத்துக்காக இன்னொன்றையும் கவனிக்கச் சொல்வேன். பட்டியலில் ‘நடை எண்ணிக்கை’ என்று ஒரு வரி இருக்கிறது. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பவரின் கை வீசாது. மணிக்கட்டுக் கருவி பல அடிகளைத் தவறவிடும். மெதுவாக, காலைத் தேய்த்து நடப்பவருக்கும் அப்படியே. ‘பதிவான அடிகள்’ என்று மாற்றலாமா? இரண்டும் இரண்டிரண்டு சொற்கள்தான், நீளம் கூடவில்லை.

கடைசியாக, படிவத்தில் வைக்கும் கேள்வி. கலைச்சொல் படிவத்தில் தேவையில்லை என்பது என் எண்ணம். ‘அணியா நேரம்: ____’ என்ற கட்டத்தை அம்மா காலியாக விட்டிருந்தார், எதைக் கேட்கிறார்கள் என்று புரியவில்லையாம். போன வாரம் வெள்ளைத்தாளில் நானே வேறு மாதிரி எழுதிக் கொடுத்தேன்: ‘பட்டையைக் கழற்றினீர்களா? எப்போது? எதற்கு?’ கீழே இன்னொரு வரி: ‘அசையாமல் இருந்தீர்களா? எப்போது? ஏன்?’ பழைய பட்டையை மறுபடி கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க நிரப்பினார். முதல் வரியில் ‘குளிக்க, 6.40 – 7.10’ என்று எழுதியிருந்தார். இரண்டாவது வரிக்கு இடம் போதாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதியிருந்தார்.

அன்புடன்