பழைய சொகுசு செடான்: அப்படியே தானமா, விற்றுப் பணமாகவா?

நீலச்சாவி
அமெரிக்காவில் இருப்பவர்களுக்கான கேள்வி. 2010 மெர்சிடிஸ் எஸ்550. ஓடுகிறது, ஆனால் ராத்திரி நிறுத்தினால் காலையில் முன்பக்க இடது மூலை டயர் மேல் உட்கார்ந்துவிடுகிறது. பழைய கார்களுக்கு விலை சொல்லும் கெல்லி புளூ புக்கில் தனிநபர் விற்பனை விலை 7,000 டாலர். தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் அந்த 7,000-ஐ அப்படியே வரிக்குரிய வருமானத்தில் கழிக்கலாமா?

கணக்கர்
முடியாது. 2004-இல் சட்டத்தை மாற்றிவிட்டார்கள், 2005 முதல் நடைமுறை வேறு. நிறுவனம் காரை ஏலத்தில் தள்ளிவிட்டால், ஏலத்தில் போன விலைதான் உங்கள் கழிவு. 2,200-க்குப் போனால் 2,200. 500-க்கோ அதற்குக் கீழோ போனால், சந்தை மதிப்பு, 500 டாலர் இரண்டில் எது குறைவோ அது. விற்ற விலை, கார் தானத்துக்கு நிறுவனம் தரும் ரசீதான ஃபார்ம் 1098-சி-யில் 4சி கட்டத்தில் இருக்கும். விற்ற 30 நாளுக்குள் அதை உங்களுக்குத் தர வேண்டும். அது கையில் இல்லாமல் 500-க்கு மேல் கழிக்கக் கூடாது.

இதுகூட ஐட்டமைஸ் செய்பவர்களுக்குத்தான், அதாவது செலவுகளைத் தனித்தனியாகக் காட்டிக் கழிப்பவர்களுக்கு. 2025-க்கு, அப்படிக் காட்டாமலே கழிக்கக் கிடைக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் தம்பதிக்கு 31,500, தனி ஆளுக்கு 15,750. வீட்டுக்கடன் வட்டி, மாநில வரி, மற்ற நன்கொடை, இந்தக் கார் எல்லாம் கூட்டியும் அதைத் தாண்டாதவருக்குக் காரைக் கொடுத்து ஒரு டாலர்கூட வரி குறையாது. 2026 முதல் ஐட்டமைஸ் செய்யாதவருக்கும் 1,000 (தம்பதிக்கு 2,000) கழிவு உண்டு, ஆனால் பணமாகக் கொடுத்ததற்கு மட்டும். விற்றுப் பணத்தைக் கொடுங்கள். வாங்கிய விலைக்குக் கீழே விற்கிற சொந்தக் காருக்கு வரி கிடையாது.

கொடைமடம்
பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தபோது 1098-சி கேட்கவில்லை. எல்லாரும் கழிவுக்காகவே கொடுப்பதில்லை சார். மூலை இறங்கிய எஸ்550-ஐ 7,000-க்கு யார் வாங்குவார்? ஒரு ஸ்ட்ரட் (சக்கரத்தின் மேல் காரைத் தாங்கும் காற்றுத்தூண்) போனால் நாலும் போகும், அதற்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரும் போகும் என்று கணக்குப் போட்டுப் பாதி விலைக்குத்தான் கேட்பார்கள். முகம் தெரியாதவரை டெஸ்ட் டிரைவுக்கு அனுப்புவது, போலி கேஷியர் செக், விற்ற பிறகு "மறைத்துவிட்டீர்கள்" என்று சண்டை... இந்தத் தலைவலிக்கும் ஒரு விலை உண்டு.

அப்புறம், ஏல விலைக் கட்டுப்பாட்டுக்கு மூன்று விலக்கு இருப்பதை நீங்கள் சொல்லவே இல்லை. நிறுவனமே காரைத் தன் பணிக்குக் கணிசமாகப் பயன்படுத்தினாலோ, பெரிய அளவில் மேம்படுத்தினாலோ, ஏழை ஒருவருக்கு இலவசமாகவோ ரொம்பக் குறைந்த விலைக்கோ கொடுத்தாலோ, சந்தை மதிப்பையே கழிக்கலாம்.

ஸ்பேனர்
மூன்றாவது விலக்கை இந்தக் கார் பக்கமே கொண்டுவராதீர்கள். வேலைக்குப் போக வண்டி இல்லாதவருக்கு ஏர் சஸ்பென்ஷன் உள்ள வி8 காரைக் கொடுப்பது உதவி இல்லை, தண்டனை. பிரீமியம் பெட்ரோல் வேறு.

பழுதுக்கு வருவோம். ஒரே மூலை இறங்கினால் பெரும்பாலும் அந்த ஸ்ட்ரட்டின் ரப்பர் பை மடியும் இடத்தில் வெடித்திருக்கும், இல்லையென்றால் மேலே காற்றுக்குழாய் இணையும் இடத்தில் கசியும். சோப்புத் தண்ணீர் அடித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். கசிவோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும், அதன் மின்சுவிட்சான ரிலே ஒட்டிக்கொள்ளும், கடைசியில் கம்ப்ரஸர் எரியும். ஸ்ட்ரட் மாற்றும்போதே ரிலேயையும் மாற்றிவிட வேண்டும், அது மலிவான பொருள். காற்றை நம்பி மட்டும் காருக்கு அடியில் கை விடாதீர்கள், திடீரென்று இறங்கும்.

ஏலத்தில் காரை யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை. படத்தில் மூலை தரையில் கிடந்தால் ஓடாத வண்டி விலைதான். தானமோ விற்பனையோ, கார் நின்ற கோலத்தில் படம் எடுக்கிற மாதிரி வைத்திருங்கள்.

கணக்கர்
விலக்குகள் காகிதத்தில் அழகாக இருக்கும். பெயின்ட், டென்ட் எடுப்பது, சீட் துடைப்பது, சாதாரண சர்வீஸ் எதுவும் "பெரிய மேம்பாடு" ஆகாது. நீங்கள் தனியாகப் பணம் கொடுத்துச் செய்யவைத்த வேலையும் ஆகாது. "கணிசமான பயன்பாடு" என்பதற்கு ஐஆர்எஸ் (வரித்துறை) தரும் உதாரணம், ஒரு வருடம் தினமும் அந்த வண்டியில் ஏழைகளுக்கு உணவு கொண்டுபோவது. தினமும் இல்லையென்றால் வருடத்தில் 10,000 மைல். நாலு தரம் ஓட்டிவிட்டு விற்றால் செல்லாது. 1098-சி-யில் 5ஏ கட்டத்தைக் குறித்து, என்ன பயன்பாடு, எவ்வளவு காலம் என்று நிறுவனம் எழுதித் தர வேண்டும். அதோடு கழிவு 5,000-ஐத் தாண்டினால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும், தானம் கொடுப்பதற்கு 60 நாளுக்கும் மேலாக முன்னால் எடுத்தது செல்லாது. பொருள் தானத்துக்கான ஃபார்ம் 8283-இல் பி பிரிவில் நிறுவனத்தின் கையெழுத்தும் வேண்டும். ஏல விலையைக் கழிப்பவருக்கு மதிப்பீடு வேண்டாம், ஏ பிரிவு போதும். மூலை இறங்கிய காருக்கு மதிப்பீட்டாளர் 7,000 எழுதவும் மாட்டார்.

கொடைமடம்
அதனால்தான் ஏல இடைத்தரகர்களை விட்டுவிட்டு, மெக்கானிக் பயிற்சி தரும் தொழிற்பள்ளியைக் கேட்கச் சொல்வேன். ஏர் சஸ்பென்ஷன் பழுது அங்கே குறை இல்லை, பாடம். வருடக்கணக்கில் வகுப்பில் வைத்துக்கொள்வோம் என்றால் 5ஏ-யைக் குறித்து 5சி-யில் எழுதித் தரட்டும். முதலில் 501(சி)(3) தகுதி (கழிவு பெறத்தக்க தொண்டு நிறுவனம் என்ற அங்கீகாரம்) உண்டா என்று ஐஆர்எஸ் தளத்தில் தேடிப் பாருங்கள்.

கணக்கர்
பள்ளி எழுதித் தருமானால் என் எதிர்ப்பு பாதி குறையும். டி.வி.யில் விளம்பரம் செய்து தானக் கார்களை வாங்கி ஏலம் விடும் கூட்டத்துக்கு மட்டும் குறையாது. கார் 2,200-க்குப் போனால் உங்கள் கழிவு 2,200. ஆனால் காரை இழுத்துப் போகும் டோ செலவு, ஏலக் கட்டணம், இடைத்தரகர் பங்கு போக மிச்சம்தான் தொண்டுக்குப் போகும். "எத்தனை சதவீதம்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஸ்பேனர்
கடைசியில் எந்த வழியானாலும்: டைட்டிலில் (கார் உரிமைப் பத்திரம்) வாங்குபவர் இடத்தை வெற்றாக விடாமல் நிறுவனத்தின் பெயரை எழுதுங்கள். பழைய லோன் இருந்தால் கடன் தீர்ந்தது என்று காட்டும் லீன் ரிலீஸ் காகிதம் இல்லாமல் ஏலத்தில் நகராது. ஒப்படைத்த அன்றே மாநிலப் போக்குவரத்துத் துறையில் கார் கைமாறிவிட்டது என்ற பொறுப்பு விடுவிப்பு பதியுங்கள், இல்லையென்றால் பார்க்கிங் அபராதம் உங்கள் வாசலுக்கு வரும். இன்ஷூரன்ஸை அதற்குப் பிறகுதான் நிறுத்த வேண்டும். நம்பர் பிளேட்டைக் கழற்றுவதா விடுவதா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டோல் டேக், கண்ணாடியில் பதிந்த கராஜ் ரிமோட், நேவிகேஷனில் வீட்டு முகவரி, போன் தொடர்புகள் எல்லாம் அழியுங்கள்.

டோ வண்டி காரை முழுதாக மேலே ஏற்றும் ஃபிளாட்பெட்டாக இருக்கட்டும், வருமுன் எஞ்சினை ஓடவிட்டுக் காரை உயர்த்திவையுங்கள். இல்லையென்றால் பம்பர் சாய்தளத்தில் மாட்டிக் கிழியும். பேட்டரி செத்திருந்தால் இந்த மாடலில் கியர் பார்க்கிலிருந்தே வெளியே வராது. சாவி இரண்டையும் கொடுங்கள்.

நீலச்சாவி
நிறுவனம் காரை டிசம்பர் 30-ஆம் தேதி எடுத்துக்கொண்டு ஜனவரியில் விற்றால், எந்த வருடக் கணக்கு?

கணக்கர்
கொடுத்த வருடம்தான் கணக்கு. ஏப்ரலுக்குள் 1098-சி வராவிட்டால் ஃபார்ம் 4868 போட்டுத் கூடுதல் அவகாசம் வாங்குங்கள், தோராயத் தொகை எழுதி அனுப்பாதீர்கள். அவகாசம் ரிட்டர்ன் அனுப்பத்தான். கட்ட வேண்டிய வரி இருந்தால் ஏப்ரலிலேயே கட்டிவிட வேண்டும்.