புதுப்பிப்பு: பெட்டைகளோடு சேவல் சேர்ந்துவிட்டது

எங்கள் சிறுவிடை (நாட்டுக்கோழி வகை) பெட்டைகளோடு புதுச் சேவலை எப்படிச் சேர்ப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய்ப் பயத்தில் சேவலை முதலில் தள்ளித் தனியாக வைத்தேன். அப்புறம் நடுவில் கம்பிவலை மட்டும். இருட்டிய பிறகு கூட்டில் விடச் சொன்னவர்களுக்கு நன்றி, அதுதான் கைகொடுத்தது. காலையில் மூத்த கருப்பி மட்டும் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு எதிர்த்து நின்றாள். ரத்தம் வராததால் நான் குறுக்கே போகவில்லை.

இப்போது இரை கிடைத்தால் கொக் கொக்கென்று பெட்டைகளைக் கூப்பிட்டுவிட்டு, தான் தின்னாமல் நிற்கிறான். பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்! பருந்து வட்டமிட்டால் குரல் கொடுக்கிறான். இளம் பெட்டை ஒன்றுக்கு முதுகில் இறகு உதிர்கிறது, கவனித்து வருகிறேன்.

நேற்று உடைத்த முட்டையில் மஞ்சள் கருவின் மேல் வெள்ளை வளையம் தெளிவாகத் தெரிந்தது. சரி, கரு கூடிவிட்டது. கருப்பி அடைக்கு உட்கார்ந்தால் 21 நாளில் குஞ்சுகள்.