ஐசோஸ்டசிக்குத் தமிழ்: ‘மிதப்பீடு’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

காரைக்குடியிலிருந்து வணக்கம். புவியியல் கலைச்சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் குழுமத்தில், புவியின் மேலே உள்ள மேலோடு, அதற்கு அடியில் கவசம், நடுவில் கருவம் மூன்றும் சண்டையில்லாமல் முடிந்துவிட்டன. நிலத்தை உள்ளிருந்து தூக்கும் அகவிசை, மேலிருந்து தேய்க்கும் புறவிசை இரண்டையும் எல்லாரும் ஏற்றுக்கொண்டோம். பத்து நாளாக ஐசோஸ்டசி (isostasy) என்ற ஒரே சொல்லில் நிற்கிறோம். இலேசான மேலோடு கனமான கவசத்தின்மேல் மிதப்பதுபோல் நின்று நிறையைச் சரிக்கட்டிக்கொள்வதுதான் அது. ‘சமநிலை’ என்றே விட்டுவிடலாம் என்று கோவைப் பேராசிரியர் அம்மா எழுதியிருந்தார்கள். ‘வேர்மிதப்பு’ என்றார் சிங்கப்பூர் நண்பர். இரண்டையும் மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டே இருந்தேன். என் பங்குக்கு நான் வைப்பது ‘மிதப்பீடு’. காரணத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்மா, ‘சமநிலை’ நல்ல சொல்தான். ஆனால் அது ஏற்கெனவே பல வீட்டுக்கு வேலை பார்க்கிறது. தராசு நேராக நின்றால் சமநிலை, வேதிவினை இரு பக்கமும் ஒரே வேகத்தில் நடந்தால் சமநிலை, சந்தையில் வரத்தும் தேவையும் பொருந்தினால் அதுவும் சமநிலை. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை காலையில் வேதியியலில் படித்த சொல்லையே மத்தியானம் புவியியலில் படிக்கும். எது எதோடு சமம், எப்படிச் சமம் என்று அந்தச் சொல் வாய் திறப்பதில்லை.

இந்தக் கருத்து பிறந்ததே நம் நாட்டு நில அளவையில். 1802-இல் சென்னைப் பரங்கிமலைக்குப் பக்கத்தில் அளவைக்கு ஆதாரமான அடிக்கோட்டை அளந்து ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் தொடங்கிய வேலை அது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கோணம் அளக்கும் அவருடைய தியோடலைட் கருவி சுவரில் மோதி நசுங்கியது. அவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதை நிமிர்த்திச் சரிசெய்துகொண்டு வேலையைத் தொடர்ந்தார். அந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு பதைக்கும். பின்னால், அவருக்கு அடுத்துப் பொறுப்பேற்ற எவரெஸ்ட் என்பவர் காலத்தில் அளவை இமயத்தை நெருங்கியது. மத்தியப் பகுதியில் உள்ள கல்யாண்பூருக்கும் வடக்கே சமவெளியில் உள்ள கல்யாணாவுக்கும் இடைப்பட்ட தொலைவை நிலத்தில் அளந்தும் பார்த்தார்கள், நட்சத்திரங்களை வைத்தும் கணக்கிட்டார்கள். இரண்டும் ஒத்துவரவில்லை. வித்தியாசம் 5.236 விகலை. ஒரு பாகையில் 3,600 விகலை. தரையில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய 160 மீட்டர்.

கருவியை நேர்நிறுத்தும் தூக்குக்குண்டை இமயமலை தன் பக்கம் இழுத்திருக்கிறது, அதனால்தான் பிழை என்று சந்தேகப்பட்டார் கல்கத்தாவில் மதகுருவாக இருந்த பிராட். எவ்வளவு இழுத்திருக்கும் என்று கணக்கும் போட்டார். வந்த விடை 15.885 விகலை! மலை இழுத்திருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் இழுத்திருக்கிறது. அவ்வளவு பெரிய மலைக்கு இழுவை எங்கே போயிற்று? 1855-இல் ஏரி என்ற வானியலாளர் விடை சொன்னார். மேலே மலை எவ்வளவு நிற்கிறதோ அதற்கேற்ப அடியில் இலேசான பாறை கனமான அடுக்குக்குள் இறங்கி நிற்கிறது. மேலே கூடிய நிறையைக் கீழே குறைந்த நிறை சரிக்கட்டிவிடுகிறது. இதை விளக்க அவர் காட்டிய உவமைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது: தண்ணீரில் மிதக்கும் மரக்கட்டைத் தெப்பம். அதில் ஒரு கட்டை மற்றவற்றைவிட மேலே தூக்கிக்கொண்டு தெரிந்தால், அது அடியிலும் மற்றவற்றைவிட ஆழ இறங்கியிருக்கிறது என்று அறியலாம்.

மரக்கட்டை என்றதும் செட்டிநாட்டுக்காரனுக்குப் பர்மாத் தேக்குதான் நினைவுக்கு வரும். இங்கே பெரிய வீடுகளின் முகப்பிலும் பட்டாலையிலும் நிற்கும் தூண்கள் பலவும் கடல் கடந்து வந்தவை. போன வாரம் எங்கள் தெருவில் பிரித்த ஒரு வீட்டின் உத்திரத் துண்டை ஆசாரி அண்ணனிடம் வாங்கி வந்தேன். ஒரே அகலத்தில் இரண்டு பலகைத் துண்டு போடச் சொன்னேன், ஒன்று ஆறு விரல் கனம், மற்றது மூன்று விரல். கல்யாணத்துக்கு மட்டும் இறக்கும் பித்தளை அண்டாவை வளவில் வைத்துத் தண்ணீர் நிரப்பி இரண்டையும் மிதக்கவிட்டோம். ஆறு விரல் கட்டை நாலு விரல் அமிழ்ந்து இரண்டு விரல் மேலே நின்றது. மூன்று விரல் கட்டை இரண்டு விரல் அமிழ்ந்து ஒரு விரல் நின்றது. தண்ணீர் ஏறிய கோட்டில் பென்சில் கிழித்துக்கொண்டேன்.

பிறகு பெரிய கட்டையின் மேல்பக்கம் மூன்று விரல் அறுக்கச் சொன்னேன். திரும்ப மிதக்கவிட்டால், அறுத்தது மூன்று விரல், ஆனால் தலை தாழ்ந்தது ஒரு விரல் மட்டும். பாக்கி இரண்டு விரலைக் கட்டையே எழும்பிக் கொடுத்துவிட்டது. ஆசாரி அண்ணன், “போனதுக்கு அடியிலேர்ந்து ஈடு கட்டிருச்சு” என்றார். அவர் வாயிலிருந்து வந்த ‘ஈடு’தான் நான் தேடிக்கொண்டிருந்த பாதிச் சொல்.

பாறைக்கு இதே கணக்கு இன்னும் அழுத்தமாக நிற்கும். மேலோட்டுப் பாறையின் அடர்த்தி தண்ணீரைப்போல் 2.7 மடங்கு, அடியிலுள்ள கவசம் 3.3 மடங்கு என்று வைத்துக்கொண்டால், கடல்மட்டத்துக்கு மேல் ஒரு கிலோமீட்டர் மலைக்கு அடியில் நாலரை கிலோமீட்டர் கவசத்துக்குள் இறங்கி நிற்கும் பாறை, அதாவது வேர், வேண்டும். அந்த மலைநிலத்திலிருந்து மழையும் ஆறும் ஆயிரம் மீட்டர் வழித்துக்கொண்டு போனால், தரை தாழ்வது 180 மீட்டர் அளவுதான். 820 மீட்டர் கீழிருந்து எழும்பி வந்துவிடும். ஒரு நாளில் நடப்பதில்லை, பல இலட்சம் ஆண்டு எடுக்கும். திருமயம் கோட்டைப் பாறையில் ஏறியவர்கள் யோசித்துப் பாருங்கள். சிவனுக்கும் பெருமாளுக்கும் குடைவரை வெட்டிய அந்தப் பாறை ஆதியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் உருவானது. மேலே மூடியிருந்ததெல்லாம் கரைந்து கடலுக்குப் போகப் போக, அடியில் இருந்தது எழும்பி எழும்பி இன்று வெயிலில் நிற்கிறது. புறவிசை தேய்க்கிறது, அகவிசை தூக்குகிறது என்று இரண்டு தனிப் பாடமாகப் பிள்ளைகளுக்கு நடத்துகிறோம். இரண்டையும் கோக்கும் கயிறு ஐசோஸ்டசி. நாம் வைக்கும் சொல்லில் அந்தக் கொடுக்கல் வாங்கல் தெரிய வேண்டும் என்பதே என் ஆசை.

‘ஈடு’ எங்கள் ஊரில் ரொம்பப் புழங்கிய சொல். நகையை ஈடு வைத்தோம், நிலத்தை ஈடாகக் கொடுத்தோம் என்பது வட்டித் தொழில் நடந்த ஊரின் அன்றாடப் பேச்சு. ‘ஈடு இணை இல்லை’ என்னும்போது அதுவே ‘சமம்’ என்றும் பொருள்படும். அமெரிக்க நிலவியலாளர் டட்டன் 1889-இல் ஐசோஸ்டசியை முன்வைத்தபோது கிரேக்கத்தில் ‘சமம்’, ‘நிற்றல்’ என்ற இரண்டையும் சேர்த்தார். (அவருக்கு முதலில் பிடித்தது ‘ஐசோபரி’. அது வேறு பொருளில் வழங்கிவிட்டதால் விட்டுக்கொடுத்தார். சொல்லாக்குபவர்கள் பாடு எந்த மொழியிலும் ஒன்றுதான்.) அந்தச் ‘சம’த்தையும், சரிக்கட்டுவதையும் நம் ஈடு ஒரே எழுத்துக்கூட்டில் தாங்குகிறது. இழப்பு + ஈடு = இழப்பீடு, காப்பு + ஈடு = காப்பீடு. அதே வாய்ப்பாட்டில் மிதப்பு + ஈடு = மிதப்பீடு. மிதந்து ஈடுசெய்தல். காப்பீட்டை இன்று யாரும் கலைச்சொல்லாகவே நினைப்பதில்லை, தபால்காரரும் சொல்கிறார்.

சிங்கப்பூர் நண்பருக்கு: வேர் என்ற படிமம் அழகு. ஆனால் அதைப் பெயரிலேயே வைத்தால் பிராட் வெளியே நிற்பார். இதே புதிருக்கு அவர் பின்னால் தாமே சொன்ன கொள்கையில் வேரே கிடையாது. மேலோட்டைப் பாறைத் தூண்களாக நினைத்துக்கொண்டால், எல்லாத் தூண்களும் அடியில் ஒரே ஆழத்தில் முடிகின்றன. அடர்த்தி குறைந்த தூண் உயர்ந்து நிற்கிறது. ஒரே அளவு மாவு ஊற்றிய இட்லிகளில் ஒன்று நன்றாகப் பொங்கி மேலே வந்தால் அதன் எடை கூடிவிடவில்லை, உள்ளே இலேசாகியிருக்கிறது, அவ்வளவுதான். இமயத்துக்கு ஏரி சொன்னது பொருந்தும், நடுக்கடல் மலைத்தொடர்களுக்குப் பிராட் சொன்னது பொருந்தும். மிதப்பீடு இரண்டு பேருக்கும் இடம் கொடுக்கிறது. ‘மலைவேர்’ என்பதை ஏரியின் வேருக்குத் தனியே வைத்துக்கொள்வோம். அதை விட எனக்கு மனமில்லை.

கவசம் திடப்பாறை, அதன்மேல் ‘மிதப்பு’ என்றால் பிள்ளைகள் அடியில் பாறைக்குழம்பு ஓடுகிறது என்று நினைக்காதா என்று மதுரை ஐயா கேட்டிருந்தார். நியாயமான கவலை. நிலநடுக்கத்தின் குறுக்கலைகள் நீர்மத்துக்குள் போகமாட்டா, கவசத்துக்குள் போகின்றன. 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் வெளிக்கருவத்தில்தான் நின்றுபோகின்றன. ஆகவே கவசம் திடம்தான். ஆனால் காலம் நீண்டால் அது இளகி நகரும். குளிர்ந்த தார்க்கட்டியைச் சுத்தியலால் அடித்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும், அதையே மூலையில் போட்டுவைத்தால் மெல்லப் பரவித் தட்டையாகிவிடும் இல்லையா? கண்ணால் காண ஸ்வீடன் கடற்கரை இருக்கிறது. பனியுகத்தில் கிலோமீட்டர் கணக்கில் பனி அழுத்திய நிலம், பனி உருகிப் பத்தாயிரம் ஆண்டு ஆகியும் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. போத்னியா வளைகுடாப் பக்கம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டரை ஒட்டி. 1731-இல் ஸ்வீடன் வானியலாளர் செல்சியஸ் அங்கே ஒரு கடல்பாறையில் நீர்மட்டக் கோடு வெட்டிவைத்தார். இன்று அந்தக் கோடு தண்ணீருக்கு வெகு மேலே நிற்கிறது. பாடத்தில் ‘மிதப்பு’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே இதை ஒரு வரி எழுதிவிட்டால் குழப்பம் வராது.

‘மிதப்பில் திரிகிறான்’ என்றால் செருக்கு என்று பொருளாயிற்றே என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஈடு சேர்ந்ததும் அந்தப் பொருள் உதிர்ந்துவிடுகிறது, சொல்லிப் பாருங்கள். எனக்கு உண்மையாகவே உறுத்துவது வேறொன்று. அச்சில் ‘மிதப்பீடு’ ‘மதிப்பீடு’ ஆகிவிடும். ‘இ’ குறி ஓர் எழுத்து தள்ளி உட்காருவதுதான் வித்தியாசம். பிழைதிருத்தும் மென்பொருளும் கை வைக்கும். இதற்காக ‘ஈட்டுமிதப்பு’ என்று திருப்பிப் போட்டும் பார்த்தேன். அதில் ஈட்டி, ஈட்டுதல் எல்லாம் நடுவில் வந்து நிற்கின்றன, பெயரடையாக்கும்போது நாக்கும் புரளவில்லை. மிதப்பீட்டில் கிளைச்சொற்கள் தாமே வருகின்றன. ஐசோஸ்டாடிக் என்பதற்கு மிதப்பீட்டு, சரிக்கட்டும் ஆழத்துக்கு ஈட்டாழம், ஈடு இன்னும் முழுதாகாத நிலத்துக்குக் குறையீடு, மிஞ்சியதற்கு மிகையீடு. இவ்வளவு பிள்ளை பெறும் சொல்லை ஓர் அச்சுப்பிழைக்குப் பயந்து விடுவது சரியாகப் படவில்லை. தட்டச்சு செய்பவர் கவனமாக இருந்தால் போதும்.

பனி நீங்கியபின் நிலம் எழும்புவதற்கு மட்டும் எனக்கு முடிவு வரவில்லை. ‘மிதப்பீட்டு மீளெழுச்சி’ என்றால் அரசியல் வாடை அடிக்கிறது, ‘மீளுயர்வு’ என்றால் சம்பள உயர்வு போல ஒலிக்கிறது. ‘மீட்டெழல்’ என்று எங்கள் பள்ளித் தமிழாசிரியை சொன்னார்கள். இலக்கணப்படி ‘மீண்டெழல்’ அல்லவா பொருந்தும் என்று கேட்டிருக்கிறேன். இலக்கணம் தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வரி எழுதுங்கள். கட்டைகள் இரண்டும் இன்னும் அண்டாவில்தான் கிடக்கின்றன. பென்சில் கோடு தெரிய நாளைக் காலை வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து ஒரு புவியியல் ஆசிரியர்