மண் ஈரப்பதன்: செய்மதித் தரவு ஒரு வயலுக்குக் காணுமா?

வெள்ளவத்தைக்காரி:
அப்பாவின் வயல் வவுனியாவில், சின்னக் குளமொன்றின் கீழ். சிறுபோகம் விதைப்பதா விடுவதா என்று வருசாவருசம் அந்தரப்படுகிறார். கொழும்பிலிருந்து, மண் ஈரப்பதனை அளக்கும் நாசாவின் ஸ்மாப் செய்மதியின் தரவை இறக்கிப் பார்த்தேன். எங்கட ஊரும் சுற்றுவட்டாரமும் ஒரே நிறம். வயலளவில் பார்க்க வழி இருக்கா?

குளக்கட்டு:
தங்கச்சி, ஸ்மாப்பின் கதிர்மானி (மண்ணிலிருந்து வரும் நுண்ணலையை அளக்கும் கருவி) ஒரு புள்ளியாகப் பார்ப்பதே ஏறத்தாழ 40 கிலோமீற்றர். 2015 ஜனவரியில் ஏவியபோது நுணுக்கமாகப் பார்க்க ராடரும் இருந்தது. அந்த யூலையிலேயே அது நின்றுபோச்சு. காட்டுவதும் மேல் 5 சென்ரிமீற்றர் மண்ணைத்தான், வேர் அதற்கும் கீழே போகும். ஐரோப்பாவின் சென்டினல்-1 செய்மதியின் ராடர் முகிலுக்குள்ளாலும் பார்க்கும். ஆனால் பயிர் அடர்ந்தால் மண்ணின் சமிக்ஞை குழம்பும்.

பெரும்போகம்:
என்னைக் கேட்டால் குளத்தைப் பாருங்கோ. சிறுபோகத்தைத் தீர்மானிப்பது குளத்துத் தண்ணிதானே! சென்டினல்-2 செய்மதியின் ஒளிப்படத்தில் 10 மீற்றர் நுணுக்கத்தில் நீர்ப்பரப்புத் தெரியும். ஏப்ரல் படங்களை வருசவாரியாக ஒப்பிடுங்கோ.

வெள்ளவத்தைக்காரி:
நல்ல யோசனை அண்ணா. 2017 ஏப்ரலை முதலில் எடுக்கிறேன்; அந்த வறட்சியில் அப்பா விதைக்கவே இல்லை. முகில் மூடிய நாளுக்கு சென்டினல்-1. நீர்ப்பரப்பு எவ்வளவு இருந்த வருசம் கடைசி மடை வரை தண்ணி போனது என்று அவரிடமே கேட்டு எழுதுகிறேன்.