[கலைச்சொல்] திரை சொல்லும் மைலேஜ், நாம் போடும் மைலேஜ்: இரண்டு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

ஹைபிரிட் கார் ஒன்றின் உரிமையாளர் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பக்க வடிவமைப்புக்குப் போகிறது. எல்லாம் முடிந்து ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். திரையில் தெரியும் சராசரி ஒன்று. டேங்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுத்தால் வருவது இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போக வேண்டியதில்லை என்கிறது கையேடு. சொல்லிவிட்டு நகர்ந்தால் பரவாயில்லை, அடுத்த இரண்டு பக்கமும் இதே பேச்சு. ஒவ்வொரு வரியிலும் "திரையில் காட்டப்படும் சராசரி எரிபொருள் சிக்கனம்" என்று எழுதினால் படிப்பவர் வண்டியையே விற்றுவிடுவார். முதல் சொல் காரின் திரையிலும் வர வேண்டும். அங்கே 12 எழுத்துக்கு மேல் இடமில்லை.

தற்காலிகமாக "காட்டளவு", "உண்மையளவு" என்று வைத்திருக்கிறேன். திருத்துங்கள்.

புலவர் எழுதியது:

அன்புடையீர்,

காட்டளவு என்றதும் ஏதோ வனத்துறைச் சொல் என்று நினைத்தேன். காட்டு என்னும் வினையோடு அளவு சேர்ந்தாலும் காட்டளவு. காடு என்னும் பெயரோடு சேர்ந்து டகரம் இரட்டித்தாலும் காட்டளவு. படிப்பவர் எதைக் கொள்வார்?

இன்னொன்று. அளவுப்பெயரும் நிறைப்பெயரும் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்ற ஒன்பது எழுத்துகளில் தொடங்கும் என்று தொல்காப்பியத் தொகைமரபு வரையறுக்கிறது. கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு என்று உரைகளில் எடுத்துக்காட்டும் உண்டு. ஆகவே எகரத்தில் தொடங்கும் "எரியளவு" என்று யாராவது கொண்டுவருவதாக இருந்தால் இப்போதே மறுத்துவிடுகிறேன்.

அகராதித் தொகுப்பாளர் எழுதியது:

> ஒன்பது எழுத்துகளில் தொடங்கும்

ஐயா, லிட்டர் லகரத்தில் அல்லவா தொடங்குகிறது? அளவுப்பெயர் என்றில்லை, எந்தத் தமிழ்ச்சொல்லுக்குமே லகரம் முதலாகாது. இந்த விதியைப் பிடித்துக்கொண்டால் லிட்டர் போச்சு. டேங்கும் போச்சு. ககரத்தின் தயவில் கிலோமீட்டர் பிழைக்கிறது, மகரத்தின் தயவில் மைல் பிழைக்கிறது. அப்படியானால் மைலேஜுக்குத் தொல்காப்பியர் உடன்பாடு என்று வைத்துக்கொள்ளலாமா?

பொறியாளர் எழுதியது:

எழுத்தைப் பிறகு பார்ப்போம். எனக்கு உறுத்துவது "உண்மையளவு". கையால் போட்டது உண்மை, திரை பொய் என்று அந்தச் சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது.

திரை எப்படிக் கணக்குப் போடுகிறது என்று சொல்கிறேன். டேங்கில் எவ்வளவு குறைந்தது என்று அது பார்ப்பதே இல்லை. எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லிநொடி திறந்திருந்தது என்று கூட்டிக்கொண்டே போகிறது. இத்தனை அழுத்தத்தில் இத்தனை நேரம் திறந்தால் இவ்வளவு பெட்ரோல் போயிருக்கும் என்பது கணினிக்குள் எழுதிவைத்த அனுமானம். அந்த அனுமானம் கொஞ்சம் குறைத்துச் சொன்னால் மைலேஜ் கூடித் தெரியும். பல கார்களில் திரை சில விழுக்காடு தாராளமாகச் சொல்வது இதனால்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் புதிய கார்களில் கட்டாயமாக்கப்பட்ட எரிபொருள் கண்காணிப்புக் கருவிக்கே 5 விழுக்காடு முன்னே பின்னே இருக்கலாம் என்று விதியில் இடம் உண்டு.

சரி, கைக்கணக்கு யோக்கியமா? 600 கி.மீ. ஓடி 25 லிட்டர் நிரப்பினால் லிட்டருக்கு 24 வரும். பம்பின் துப்பாக்கி முதல் தடவை "டக்" என்று நிற்கும் இடம் எல்லா பம்பிலும் ஒன்றல்ல. வண்டி லேசாகச் சாய்ந்து நின்றாலும் மாறும். அதே ஓட்டத்துக்கு அரை லிட்டர் கூடுதலாக இறங்கிவிட்டால் 24 என்பது 23.5 ஆகிவிடும். வெறும் 10 லிட்டர் நிரப்பிக் கணக்குப் போடுகிறவருக்கு அதே அரை லிட்டர் 5 விழுக்காட்டுப் பிழை. வெப்பநிலை 10 பாகை ஏறினால் பெட்ரோலின் கன அளவு ஏறக்குறைய 1 விழுக்காடு பெருகும். வட அமெரிக்காவில் விற்ற இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் ஹைபிரிட் காரில் டேங்குக்குள் நெகிழும் பை ஒன்று இருந்தது. குளிரில் அது விறைத்துக் கொள்ளளவு சுருங்கும். அந்த வண்டிக்காரர்களிடம் போய் "உண்மையளவு" என்று சொல்லிப் பாருங்கள்.

இரண்டும் மதிப்பீடுதான். எங்கிருந்து வந்த மதிப்பீடு என்று சொன்னால் போதும்.

ஆட்டோமொபைல் ஆசிரியை எழுதியது:

பொறியாளர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டயர் தேய்ந்ததால்தான் வித்தியாசம் என்று வகுப்பில் அடித்துச் சொல்வார்கள். டயர் தேய்ந்தால், ஓடிய தூரம் காட்டும் ஓடோமீட்டர் கூட்டிச் சொல்லும், அது சரி. ஆனால் திரையும் நாமும் பிரிப்பது அதே கிலோமீட்டரைத்தானே? அந்தப் பிழை இரண்டு பக்கமும் ஒன்றாகவே ஏறும். இடைவெளிக்கு அது காரணமாகாது.

வகுப்பில் வரும் அடுத்த பதில் பேட்டரி. அதையும் பொறியாளர் தீர்த்துவைத்தால் நல்லது.

"சிக்கனம்" வேண்டாம். அது செலவாளியைத் திருத்தச் சொல்லும் சொல். பிள்ளைகள் மைலேஜ் என்கிறார்கள், மெக்கானிக் மைலேஜ் என்கிறார், விற்கிறவரும் மைலேஜ் என்கிறார். திரை மைலேஜ், கை மைலேஜ் என்று வைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம்.

புலவர் எழுதியது:

மைலேஜை ஏற்பதானால் கலைச்சொல் குழு எதற்கு? நாம் அளப்பதோ கிலோமீட்டர், சொல்லுக்குள் இருப்பதோ மைல். அந்த மைலும் இலத்தீனில் ஆயிரம் காலடி என்று பொருள்பட்டது. ஆயிரம் காலடிக்கும் பெட்ரோலுக்கும் என்ன உறவு?

பெறு என்பது முதனிலை திரிந்து பேறு ஆகும். ஒரு லிட்டருக்குப் பெறும் ஓட்டம், "ஓட்டப்பேறு". திரைப்பேறு, கைப்பேறு என இரண்டாகப் பிரியும்.

ஆசிரியை எழுதியது:

ஐயா, கைப்பேறு, திரைப்பேறு எல்லாம் மகப்பேறு மருத்துவமனைப் பலகை மாதிரி இருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு நான் அமைதியாக நிற்க முடியாது.

பொறியாளர் எழுதியது:

முதலில் பேட்டரி. பிளக்கில் செருகிச் சார்ஜ் ஏற்றாத சாதாரண ஹைபிரிட்டில் பேட்டரி சுமார் 1.3 கிலோவாட் மணி. அதிலும் ஒரு பகுதியைத்தான் வண்டி புழங்கும். 25 லிட்டர் பெட்ரோலில் இருப்பதோ 220 கிலோவாட் மணிக்கு மேல். நிரப்பும்போது பேட்டரி நிறைந்திருந்தாலும் குறைந்திருந்தாலும் ஒரு டேங்க் கணக்கில் அது தூசு. பிரேக் பிடிக்கும்போது திரும்பிவரும் மின்சாரமும் முதலில் பெட்ரோலாக இருந்ததுதான். பிளக் வைத்த வண்டி வேறு கதை. அங்கே வீட்டு மின்சாரத்தைச் சேர்க்காமல் லிட்டரை மட்டும் வகுத்தால் திரை, கை இரண்டுமே அர்த்தமில்லாமல் போகும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். பேறு, மைலேஜ் இரண்டிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்தத் திரையில் அலகை மாற்றலாம். லிட்டருக்கு இத்தனை கி.மீ. என்றும் பார்க்கலாம், 100 கி.மீ.க்கு இத்தனை லிட்டர் என்றும் பார்க்கலாம். இரண்டாவதில் எண் கூடினால் நட்டம். "ஓட்டப்பேறு 6.1 ஆக உயர்ந்தது" என்றால் மகிழ்வதா அழுவதா? எந்தப் பக்கமும் சாயாத சொல் வேண்டும்.

சராசரியிலும் இதே கண்ணி இருக்கிறது. முதல் 100 கி.மீ.க்கு லிட்டருக்கு 20 கி.மீ. என்றும், அடுத்த 100 கி.மீ.க்கு 30 என்றும் வந்தால் சராசரி 25 இல்லை, 8.33 லிட்டருக்கு 200 கி.மீ., ஆக 24. தனித்தனி மைலேஜைக் கூட்டி வகுக்கக் கூடாது. கி.மீ. தனி, லிட்டர் தனி என்று பல நிரப்பலுக்குக் கூட்டிவைத்துக் கடைசியில் ஒரே ஒரு முறை வகுக்க வேண்டும். டேங்க் கொஞ்சம் குறைய நிரம்பினால் அடுத்த தடவை அது சரியாகிவிடும். கையேட்டில் இதை எழுதினால் பாதிப் புகார் குறையும்.

புலவர் எழுதியது:

சாயாத சொல் வேண்டுமென்றால் அளவை நூலுக்குத்தான் போக வேண்டும். மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் பத்து அளவைகள், அதாவது ஒன்றை அறியும் வழிகள், வருகின்றன. முதலிரண்டும் காண்டல் எனும் காட்சியும் கருதலும். கண்ணெதிரே திரையில் தெரிவது காட்சி. கணக்கிட்டு அறிவது கருதல். "காட்சியளவை", "கருதலளவை". இதைவிடப் பொருத்தம் உண்டா?

பொறியாளர் எழுதியது:

அழகாக இருக்கிறது, ஆனால் தலைகீழ். திரைக்குப் பின்னால் நடப்பது முழுக்கக் கருதல் என்றுதான் மேலே ஒரு பக்கம் எழுதினேன். பம்பில் எத்தனை லிட்டர் இறங்கியது என்று கண்ணால் பார்க்கிறவர்தான் காட்சிக்காரர்.

புலவர் எழுதியது:

அப்படியானால் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். சொற்கள் நல்ல சொற்கள்.

அகராதித் தொகுப்பாளர் எழுதியது:

திரையில் தெரிவதற்குக் "கருதல்" என்றும் தெரியாததற்குக் "காட்சி" என்றும் கையேட்டில் போட்டால் வாடிக்கையாளர் பௌத்தத்துக்கு மாறினாலும் வியப்பில்லை.

என் முன்மொழிவு: "திரைச் சராசரி", "நிரப்புக் கணக்கு". ஒன்று எங்கே தெரிகிறது என்று சொல்கிறது, மற்றது எதிலிருந்து வருகிறது என்று சொல்கிறது. அலகு எதுவானாலும் பொருந்தும். எண்ணிப் பார்த்துவிட்டேன், முதல் சொல் 7 எழுத்து.

ஆசிரியை எழுதியது:

எனக்குச் சம்மதம். வகுப்பில் மைலேஜ் என்றுதான் சொல்வேன், தேர்வுத்தாளில் இதை எழுதச் சொல்கிறேன்.

பொறியாளர் எழுதியது:

சம்மதம். "சராசரி" எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று மட்டும் ஒரு வரி போடுங்கள். போன நிரப்பலில் திரையைப் பூச்சியமாக்காதவர், ஆறு மாதச் சராசரியை ஒரு டேங்க் கணக்கோடு ஒப்பிட்டுவிட்டுச் சண்டைக்கு வருவார்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பெரும்பான்மைப்படி "திரைச் சராசரி", "நிரப்புக் கணக்கு" என்றே அனுப்பிவிட்டேன். பூச்சியமாக்கும் குறிப்பையும், பல நிரப்பலைக் கூட்டும் முறையையும் சேர்த்தாயிற்று. ஹைபிரிட் ஹைபிரிட்டாகவே இருக்கட்டும். "கலப்பினக் கார்" என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். காளைமாட்டு நினைவு வருவதால் விட்டுவிட்டேன்.

புலவர் எழுதியது:

அனுப்பிவிட்டீர்கள், சரி. என் மறுப்பைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். நிரப்பு என்பதை வினையாகக் கொண்டால் நிரப்புகணக்கு வினைத்தொகை. ஊறுகாய்போல வல்லினம் மிகாது. நீங்கள் ககர ஒற்று போட்டிருக்கிறீர்கள். ஒற்று வேண்டுமென்றால் நிரப்பு என்று ஒரு பெயர்ச்சொல் வேண்டும். அதை எங்கே கண்டீர்கள்?

அகராதித் தொகுப்பாளர் எழுதியது:

நடிப்பு, படிப்பு போல நிரப்பு. அடுத்த பதிப்பில் சேர்க்கிறேன் ஐயா.

புலவர் எழுதியது:

நடி, படி என்ற பகுதிகள் "பு" விகுதி பெற்றன. நிரப்பு என்பதில் "பு" பகுதியிலேயே இருக்கிறது. விகுதி எங்கே? விடை வரும்வரை என் வாக்கு காட்சியளவைக்கே.