மறுமொழி: சாக்கெட்டுக்கு என்ன சொல்லலாம்? "குப்பி" என்கிறேன்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வீட்டிலேயே கார் வேலை பார்ப்பவர்களுக்கான சொற்பட்டியல் சாக்கெட் என்ற இந்த ஒரு சொல்லிலேயே நிற்கிறது. போல்ட், நட்டுத் தலைமேல் கவிழ்த்து, பிடி மாட்டித் திருப்புகிற உலோகக் குழல்தான் சாக்கெட். வந்த யோசனைகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

> "பொருத்துக்குழி" துல்லியமாக இருக்கிறதே?

துல்லியம்தான். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு "தம்பி, பத்தாம் நம்பர் பொருத்துக்குழியை எடு" என்று யார் கேட்பார்கள்? தவிர, சுவரில் பிளக் செருகுகிற சாக்கெட்டில் ஒன்று உள்ளே போகிறது. இது போல்ட் தலைமேல் கவிழ்கிறது. இரண்டையும் குழி என்றால் குழப்பம்தான்.

> நகை வேலையில் "சுரை" உண்டே?

உண்டு. தோட்டுத் திருகாணியோடு வருவது. ஆனால் நட்டுக்கே சுரை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் சுரையைக் கழற்றச் சுரை வாங்க வேண்டியதுதான்.

என் பரிந்துரை குப்பி. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பு சீவி, வண்ணம் அடித்து, நுனியில் பித்தளைக் குப்பி மாட்டுவதை டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். உள்ளே வெற்றிடம், வெளியிலிருந்து கவிழ்ந்து பிடிக்கும் உலோகம். சாக்கெட்டும் அதுதான். சீசாவுக்கும் குப்பி என்று பேர் உண்டே என்பீர்கள். ஸ்பேனர் பெட்டியில் யாரும் சீசாவைத் தேடமாட்டார்கள்.

முக்கியமாக, வாங்கும்போது பார்க்க வேண்டிய வேறுபாடுகள் எல்லாம் இந்தச் சொல்லில் ஒட்டுகின்றன. உள்ளே ஆறு மூலை இருந்தால் அறுமூலைக் குப்பி, பன்னிரண்டு இருந்தால் பன்னிருமூலைக் குப்பி. கடையில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் பன்னிரண்டுதான். இடுக்கில் சட்டென்று உட்காரும், அது வசதி. ஆனால் அது போல்ட் தலையை மூலைக்குப் பக்கத்தில்தான் பிடிக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் துருவேறிய பிரேக் காலிப்பர் போல்ட்டில் இதைப் போட்டு முழுப்பலம் கொடுத்துப் பாருங்கள். முதலில் ஒரு வழுக்கல், அடுத்து ஒரு "டக்", எடுத்துப் பார்த்தால் மூலை மழுங்கித் தலை வட்டமாகியிருக்கும். அதற்குப் பிறகு குறடும் உளியும்தான். அறுமூலை, தலையின் தட்டைப் பக்கங்களில் அழுத்துவதால் இவ்வளவு சீக்கிரம் வழுக்காது. கடற்கரை ஊர்க்காரர்கள் முதல் செட்டை அறுமூலையாகவே வாங்குவது நல்லது.

நீளமானது நெட்டைக் குப்பி, குட்டையானது குட்டைக் குப்பி. போல்ட் நட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் நெட்டைதான் உதவும். ஸ்பார்க் பிளக்குக்கு உள்ளே ரப்பர் வைத்த நெட்டைக் குப்பி தனியாக உண்டு, பெரும்பாலும் 16 அல்லது 21 மி.மீ. பஞ்சர் கடையில் சக்கர நட்டைக் கழற்றும் துப்பாக்கியில் மாட்டுவது தடித்த கறுப்புக் குப்பி. பளபளக்கும் குரோம் குப்பியை அதில் மாட்டக் கூடாது, வெடித்துத் தெறிக்கலாம்.

அளவுக்கு மி.மீ. எண் போதும். எட்டாம் மரை போல்ட்டுக்கு (மரை ஓடும் தண்டு 8 மி.மீ. தடிமன்) ஜப்பான் வழி வண்டிகளில் 12, ஐரோப்பிய வழியில் 13 என்று தலை மாறும். மாருதிக்காரர் 10, 12, 14, 17, 19 வைத்திருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். மாருதியின் சக்கர நட்டு பெரும்பாலும் 19, ஹூண்டாய்க்கு 21.

பிடி மாட்டும் சதுரத்துக்குச் "சதுர முனை". மி.மீ. குப்பிக்கும் இது மட்டும் உலகமெங்கும் இஞ்ச் கணக்கில்தான்: கால், எட்டில் மூன்று, அரை. நடுவில் உள்ளதற்குப் பழைய கணக்கில் அழகான பேர் காத்திருக்கிறது: காலே அரைக்கால். வீட்டு வேலைக்கு அதுதான் முதலில் வாங்க வேண்டியது. சக்கர நட்டுக்கு மட்டும் அரை இஞ்ச் முனையில் ஒரு நீளப் பிடி.

> ஸ்பேனருக்குச் "சாவி" வேண்டாம். அது போர்ச்சுகீசியம். கடைமடையில் சாவி என்றால் பொக்கான நெல்.

தண்ணீர் வராத வருஷத்தில் "பயிர் சாவியாப் போச்சு" என்று கேட்டே வளர்ந்தவன் நான். ஆனால் பூட்டுச் சாவியைக் கேட்டு யாரும் நெல்லைக் கொடுத்ததில்லை. வாய் திறந்த ஸ்பேனருக்கு வாய்ச்சாவி, வளையமாக மூடியதற்கு வளையச்சாவி, இரண்டையும் வைத்துக்கொள்வோம். பேச்சில் ஸ்பேனர் ஸ்பேனராகவே இருக்கட்டும், அதோடு சண்டை வேண்டாம். மரையை மட்டும் விடாதீர்கள், அது நம் வாயில் உயிரோடு இருக்கிற சொல்.

குறித்த இறுக்கத்துக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சுக்குப் பாடநூல் வழியில் "திருப்புவிசைச் சாவி" நீளம். "முறுக்களவுச் சாவி" என்றால் இறுக்கத்தை அளக்கவே அது என்று தெரியும். துருப்பிடித்த நட்டைக் கழற்ற அதை எடுக்கிறவர்களுக்காகவாவது இந்தப் பேர் வேண்டும். கழற்ற நீளப் பிடி, கடைசி இறுக்கலுக்கு மட்டும் முறுக்களவு. வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து அளவு பொய் சொல்லும்.

குப்பியை ஒரு பக்கம் மட்டும் திருப்பும் பிடியான ராட்செட்டுக்கு "ஒருவழிப் பிடி" என்று போட்டிருக்கிறேன், யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் சேர்த்துவிடலாம். குப்பியைச் சாய்வாகத் திருப்ப நடுவில் மாட்டும் யூனிவர்சல் ஜாயிண்டுக்குச் சொல் கிடைக்கவில்லை. மயிலாடுதுறை, மன்னார்குடிப் பக்கம் பட்டறைக்காரர்களைத் தெரிந்தவர்கள் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.